தம்பி எழுதிய தமிழ்ப் பேப்பர்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். மதியம் வீட்டுக்குள் வந்த தம்பி, கையிலிருந்த புத்தகங்களைக் கீழே வைக்காமலே என்னிடம் கேட்டான்: "அக்கா, 'ழ' எப்படி எழுதணும்?"

நான் அடுப்படியில் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பதினேழு முடிந்திருந்தது, எனக்குப் பத்தொன்பது. விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்து ஈரக் கையாலேயே சிமெண்டுத் தரையில் எழுதிக் காட்டினேன். குனிந்து பார்த்தான். "இவ்வளவு வளைவு இருக்கா?" என்றான். முகத்தில் சிரிப்பு இல்லை. தரையில் அந்த எழுத்து காய்ந்து மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றான்.

நாங்கள் அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். இரண்டு அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் பொதுக் குழாய். அப்பா சரக்கு ரயிலில் கார்டு. கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்குப் போய்த் திரும்பும் வண்டிகள்தான் அவருக்கு. எந்த நேரத்தில் கிளம்புவார், எப்போது வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. யார்டில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் சத்தம் பகலெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இடிக்கும் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் நடுங்கும். அந்த வீட்டில் யாரும் நிதானமாக ஒரு இடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

தம்பியை ஏழு வயதில் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள். என்னைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதைப் பற்றி யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகக்கூடச் சொல்ல முடியாது. ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல், நான் வீட்டில் நின்றேன். அம்மாவுக்குக் குணமான பிறகும் யாரும் என்னைப் பள்ளிக்குப் போகச் சொல்லவில்லை. தம்பி ஒருநாளும் தமிழ் எழுத்தைப் படித்ததில்லை. பேச்செல்லாம் தமிழ்தான். ஆனால் கடைப் பலகையில் தமிழைப் பார்த்தால் பக்கத்தில் இங்கிலீஷில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுவான்.

அன்று சாயங்காலம் அப்பா வந்த பிறகுதான் விஷயம் முழுதாக வெளியே வந்தது. தம்பி அந்த வருஷக் கடைசியில் சீனியர் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை எழுத வேண்டியவன். கேள்வித்தாள் சீமையிலிருந்து வரும், எழுதிய தாள் கப்பலேறித் திரும்பச் சீமைக்கே போகும். முன்பெல்லாம் சில பாடங்களில் தேறிவிட்டால் சான்றிதழ் கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் மருத்துவம் படிக்க மனுப் போடலாம். இப்போது வெறுமனே தேறினால் போதாதாம். முக்கியமான பாடங்களில் 'கிரெடிட்' வாங்க வேண்டுமாம். அதிலே ஆங்கிலம் தவிர இன்னொரு மொழியும் இருக்க வேண்டும் என்று அந்த மருத்துவக் கல்லூரி சொல்லிவிட்டதாம். லத்தீன் சொல்லிக்கொடுத்த துரை ஆட்குறைப்பில் ஊருக்குப் போய்விட்டார். மலாய் எடுக்கலாம், ஆனால் அதை அரபு எழுத்தில் எழுத வேண்டும், பள்ளியில் அதற்குக் கீழ் வகுப்புகளில்தான் பாடம் உண்டு.

"ஹெட்மாஸ்டர் என்னையப் பார்த்து, உன் சொந்தப் பாஷை தமிழ்தானே, உனக்குச் சுலபமாச்சேன்னு சொல்லி எழுதிக்கிட்டாரு," என்றான் தம்பி.

"நீ என்ன சொன்னே?" என்று அப்பா கேட்டார்.

"யெஸ் சார்னு சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதுன்னு எப்படிப்பா சொல்றது? எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

அப்பா சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். தம்பி டாக்டராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதைவிட, தம்பி ரயில்வேக்கு வரக்கூடாது என்பது அவருடைய பயம். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கித்தா இல்லையென்றால் சரக்கு வண்டிக்கு என்ன வேலை? அவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா வீட்டுல சும்மாதானே இருக்கா. அவளே சொல்லிக் கொடுக்கட்டும்."

ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிப்பதில் ஆரம்பித்து ராத்திரி பாத்திரம் கவிழ்ப்பது வரை நான் செய்ததற்கெல்லாம் அந்த வீட்டில் பெயர் 'சும்மா' என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் தம்பி பள்ளியிலிருந்து வருவதற்குள் என் ஆறாம் வகுப்பு வாசகப் புத்தகத்தை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்து வைத்திருந்தேன்.

எழுத்துகளைப் பிடிக்க அவனுக்கு ஆறு வாரம் ஆனது. அப்பா கொண்டுவரும் பழைய சரக்குச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுவோம். அவன் கெட்டிக்காரன், சீக்கிரம் பிடித்துக்கொள்வான், ஆனால் ஒரு இடத்தில் உட்கார மாட்டான். எழுதும்போது வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும், மேசை ஆடும், எழுத்து கோணும். எனக்கும் உட்கார்ந்து சொல்ல வராது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சொற்களைச் சொல்வேன். அம்மா ஒரு மூலையில் அரிசி புடைத்தபடி, "ரெண்டு பேரும் ஒரு இடத்துல இருங்களேன், பார்க்கிற எனக்குத் தலை சுத்துது," என்பாள்.

எழுத்து வந்த பிறகு கட்டுரைக்குப் போனோம். 'ஒரு நாள் அனுபவம்' என்று தலைப்புக் கொடுத்தேன். அவன் எழுதிய முதல் வரி: 'நான் காலையில் பாசாருக்குப் போனேன்.' பாசாரை அடித்து 'சந்தை' என்று எழுதினேன்.

"ஏன்? பாசார் தமிழ் இல்லையா?"

"மலாய்."

"அம்மா பாசார்னுதானே சொல்றாங்க?"

"அம்மா சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன். பரீட்சையில எழுதக்கூடாது."

"கம்பம்?"

"அதுவும்தான். கிராமம்னு எழுது."

அவன் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அப்ப நாம வீட்டுல பேசறதுல எதுதான்க்கா தமிழ்?" என்று கேட்டான். அது நல்ல கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கும் சில சொற்களில் சந்தேகம் இருந்தது, கேட்க ஆள் இல்லை.

தமிழ்ப் பேப்பரில் இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்க்கும் பகுதியும் உண்டு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவனுக்குத் தமிழ் நடை வராது. அதனால் அவன் வரிவரியாகப் படித்து வாய்த் தமிழில் சொல்வான், நான் அதை எழுத்துத் தமிழாக மாற்றுவேன். அந்தப் பத்திகள் எல்லாம் எங்கேயோ நடப்பவை. கப்பல் தலைவன், புயல், மலைமேல் மாட்டிக்கொண்ட வழிப்போக்கன். ஒருநாள் 'ஸ்னோ' என்று ஒரு சொல் வந்தது. பனி என்றேன். "பனின்னா காலையில புல்லுமேல ஈரமா இருக்குமே அது. இது வேற. ஐஸ் மாதிரி, ஆனா மேலேருந்து விழும்," என்றான். ஐஸைச் சீவி உருட்டிச் சிவப்புப் பாகு ஊற்றித் தருகிற சீனன் எங்கள் தெருவுக்கு வருவான். அந்தச் சீவலை நினைத்துக்கொண்டு 'உறைபனி' என்று எழுதினேன். சரியா தப்பா என்று சொல்லப் பிரிக்பீல்ட்ஸில் யாருமில்லை. நாலைந்து மாதத்தில் அவன் விரல் வைத்துப் படிக்கும் வரியில் எனக்கும் சில இங்கிலீஷ் சொற்கள் அடையாளம் தெரிய ஆரம்பித்தன. அவனிடம் சொல்லவில்லை.

இலக்கணம்தான் பெரிய தலைவலி. ஆறாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம். ஒரு சொல்லோடு இன்னொரு சொல் சேரும்போது எங்கே 'க்' வரும், எங்கே வராது என்று காதில் கேட்டபடி எழுதுவேனே ஒழியக் காரணம் சொல்லத் தெரியாது. தம்பியின் வகுப்பில் இன்னொரு பையனும் தமிழ் எடுத்திருந்தான். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம், தினமும் ரயிலில் வந்து போவான். அவர்கள் வீட்டில் நாகூரிலிருந்து வந்த இலக்கணப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை ஒரு சனிக்கிழமை தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா, அட்டை பத்திரம், அத்தாவோடது," என்று மட்டும் சொன்னான்.

அந்தப் புத்தகம் என்னைக் கெடுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தம்பிக்குச் சொல்ல வேண்டுமே என்று படிக்க ஆரம்பித்தேன். பிறகு தம்பிக்குத் தேவையில்லாத பக்கங்களையும் படித்தேன். குழாயில் என் முறை வரும்வரை நின்றுகொண்டு படித்தேன். சோறு இரண்டு தடவை அடிப்பிடித்தது. இத்தனை வருஷம் வாயில் புழங்கிய பேச்சுக்கு உள்ளே ஒரு கணக்கு இருந்திருக்கிறது, அதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைத்து மறுபடி முதல் பக்கத்துக்கே போவேன். அவனுக்குக் கொடுத்த தலைப்புகளில் நானும் தனியாகக் கட்டுரை எழுதினேன். ஒருநாள் அவன் அவற்றைக் கண்டுபிடித்து எடுத்துப் படித்தான்.

"ரயில் பயணம் நல்லா இருக்குக்கா. இதையே மனப்பாடம் பண்ணி எழுதிடறேன்."

"அது நான் எழுதினது."

"அதனால என்ன? உனக்கு எதுக்கு அது?"

தாளைப் பிடுங்கினேன், கிழிந்தது. மறுநாள் அவனே தாளை ஒட்டிக் கொண்டுவந்து வைத்தான். அதைத்தான் மனப்பாடமும் செய்தான்.

நடுவிலே எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை கிள்ளானில் ஒரு தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அவரும் அவருடைய தாயாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். மேசைமேல் தாள்கள் கிடந்தன. அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் தம்பியிடம், "சீனியரா? நான் ரெண்டு தடவை எழுதினேன். எங்க காலத்துல லத்தீன். அதுலதான் போச்சு," என்றார். பிறகு, "இந்த எழுத்து யாரோடது?" என்று கேட்டார். தம்பி என்னைக் காட்டினான். அவர் இன்னும் கொஞ்ச நேரம் படித்துவிட்டுத் தாளை மேசைமேல் நேராக வைத்தார். அவருடைய தாயார், பெண்ணுக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியுமா என்று அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடியட்டும், தையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. யாருடைய பரீட்சை என்று யாரும் சொல்லவில்லை. தம்பியுடையதுதான்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது தம்பி ஒருநாள் ஓட்டமாக வந்தான். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"அக்கா, தமிழ் வேணாமாம்."

எனக்கு விளங்கவில்லை.

"காலேஜ்லேருந்து புதுக் கடுதாசி வந்திருக்கு. ரெண்டாவது பாஷை கட்டாயமில்லையாம். அதுக்குப் பதிலா கணக்குலயும் சயின்ஸ்லயும் கிரெடிட் கேக்கறாங்க. கணக்கு எனக்குக் கவலையில்ல. சயின்ஸை மட்டும் இப்பலேருந்து புடிச்சேன்னா போதும்." சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "நல்ல வேளை. இந்த ஒற்று, சந்தி எல்லாத்தையும் விட்டுத் தொலைக்கலாம்."

நான் பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே விட்டேன். "பேர் கொடுத்தாச்சில்ல? எழுதித்தானே ஆகணும்?"

"எழுதறேன். பேருக்குப் போய் உக்காந்து வந்தாப் போதும். அதுக்குப் படிக்கணும்னு இல்ல."

அவன்மேல் தப்பில்லை. அவன் கேட்டு மாறின விதி இல்லை அது. எங்கேயோ இருக்கிற யாரோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் தெரிந்தும் பத்து நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பள்ளி விட்டதும் கிள்ளானுக்கு அந்தத் துணிக்கடை நண்பன் வீட்டுக்குப் போய்விடுவான், இருவரும் சயின்ஸ் படித்தார்கள். மதியங்களில் மேசை காலியாகக் கிடந்தது. நான் பழக்கத்தில் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன், சொல்வதற்கு ஆளில்லாமல். இலக்கணப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவன் கேட்டபோது, "அப்புறம்," என்றேன். மறுபடி கேட்டான். "நானே கொடுத்துக்கறேன்," என்றேன்.

அப்பாதான் கவனித்தார். அவருக்கு அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வண்டி. மற்ற நாள்களில் வீட்டில் இருப்பார், சும்மா இருக்கத் தெரியாமல் வண்டிக்குக் கொண்டுபோகும் பச்சைக் கொடியை மடிப்பார், விளக்கைத் துடைப்பார். ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் தாயி இப்படி இருக்கே? மாப்பிள்ளை பிடிக்கலையா?"

"அதெல்லாம் இல்லப்பா."

"பின்னே?"

"எனக்கு அந்தப் பேப்பரை எழுதணும் போல இருக்கு," என்றேன்.

"எந்தப் பேப்பரை?"

"தம்பி எழுதப் போறானே, தமிழ்."

அவர் சிரிக்கவில்லை. "அதை மட்டும் தனியா எழுத விடமாட்டாங்கம்மா. எல்லாத்தையும் சேர்த்து எழுதணும். இங்கிலீஷ் வேணும்."

"தெரியும்பா."

"தெரிஞ்சா சரி," என்றார். உள்ளே போனவர் திரும்பி வந்தார். "உன்னைய அன்னைக்கே நிறுத்தியிருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

பரீட்சை டிசம்பரில் நடந்தது. தமிழ்ப் பேப்பருக்கு முந்தின நாள் மதியம் தம்பி மேசைக்கு வந்து உட்கார்ந்தான். சயின்ஸ் எழுதிவிட்டு வந்திருந்தான், முகம் சரியில்லை. எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை.

"அக்கா, ஒரு மொழிபெயர்ப்பு பார்க்கலாமா?"

"வேணாம்னு சொன்னே."

"ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு அங்க போய் வெறும் தாளைக் கொடுத்தா அசிங்கம்லா."

ஒன்று என்று ஆரம்பித்து நான்கு செய்தோம். அவன் கால் ஆடிக்கொண்டிருந்தது, நான் நடந்துகொண்டிருந்தேன். மூன்று மாதம் தொடாமல் இருந்தும் அவன் அதிகம் மறக்கவில்லை. நடுவில் ஒரு வரிக்கு அவன் சொல்வதற்கு முன்பே நான் தமிழில் சொல்லிவிட்டேன். அவன் தலையைத் தூக்கினான்.

"இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா உனக்கு?"

"அந்த வரி தெரிஞ்சுது."

அவன் அடுத்த பத்தியைப் புத்தகத்தோடு என் பக்கம் திருப்பி வைத்தான்.

மறுநாள் பரீட்சை முடித்து வந்தவன் கேள்வித்தாளை என்னிடம் கொடுத்தான். நல்ல தடித்த தாள், சீமை அச்சு, தமிழ் எழுத்துகள் கொஞ்சம் பழைய மாதிரி. அம்மா மார்க்கெட்டிலிருந்து வருவதற்குள் பின்வாசல் படியில் உட்கார்ந்து நான் அதை எழுத ஆரம்பித்தேன். இங்கிலீஷ் பத்தியில் பாதி எனக்குப் புரிந்தது, மீதியைத் தம்பி சொன்னான், அதற்குமேல் உதவி செய்யவில்லை. கட்டுரைக்கு மூன்று தலைப்புகள் இருந்தன. அவன் எதை எழுதினான் என்று கேட்காமல் 'துறைமுகம்' என்பதை எடுத்துக்கொண்டேன். நான் துறைமுகத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அப்பாவோடு, சின்ன வயதில். எழுத எழுத அதிகம் நினைவுக்கு வந்தது. முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அம்மா அதற்குள் வந்து, ஒன்றும் கேட்காமல் தானே சமைத்திருந்தாள். எழுதிய தாள்களை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திருத்த யாருமில்லை.

தையில் கல்யாணம் முடிந்து கிள்ளானுக்குப் போனேன். ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடி. பரீட்சைத் தாள்கள் அப்போது கடலில் எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்கும். அந்த மாதங்களில் தம்பி நிலைகொள்ளாமல் அலைந்தான். வேலைக்கும் மனுப் போட முடியாது, கல்லூரிக்கும் மனுப் போட முடியாது. திடீரென்று ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வருவான், கோப்பி குடித்ததும், போகணும் என்று எழுந்துவிடுவான். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தந்தியில் முடிவு வந்து பத்திரிகையில் எண்கள் மட்டும் வெளியாயின. அவன் எண் இருந்தது. அம்மா கோயிலுக்குப் போனாள். எந்தப் பாடத்தில் எப்படி என்ற விவரம் கப்பலில் வர இன்னும் பல வாரம் ஆனது. அது வந்த அன்று அவன் தாளை எடுத்துக்கொண்டு நேரே கிள்ளானுக்கு வந்தான். மாடிப்படியில் ஏறும்போதே சத்தம் வித்தியாசமாக இருந்தது, மெதுவாக ஏறினான்.

தாளை என் கணவர்தான் வாங்கிப் படித்தார். ஆங்கிலம் கிரெடிட். கணக்கு கிரெடிட். தமிழ், எல்லாவற்றிலும் உயர்ந்த தரம். சயின்ஸ், வெறும் பாஸ்.

"தமிழ்ல இவ்வளவு வாங்கியிருக்கியே," என்றார் அவர்.

"தமிழ் யாருக்கு வேணும் மச்சான்?" என்றான் தம்பி. சொன்னவன் என்னைப் பார்த்துவிட்டு, "நான் அந்த அர்த்தத்துல சொல்லலக்கா," என்றான்.

"எந்த அர்த்தத்துல சொன்னாலும் உண்மைதான். சாப்பிடு," என்றேன். அவன் சாப்பிட்டான். கை கழுவும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் கழுவினான். நான் துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். "முதல்ல சொன்ன விதியே இருந்திருந்தா நான் உள்ளே போயிருப்பேன்க்கா," என்றான். அதுவும் உண்மைதான்.

மறுபடி எழுதிப் பார்க்க ஒரு வருஷம் வேண்டும். அந்த ஒரு வருஷம் எங்களிடம் இல்லை. அப்பாவை ஓய்வு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டியிருந்தது. அம்மாவும் அப்பாவும் சாலாக் சவுத் பக்கம் ஒரு பலகை வீட்டுக்குப் போனார்கள். தம்பி அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்தான். புண்ணுக்குக் கட்டுப் போடவும் மலேரியாவுக்கு மருந்து கலக்கவும் கற்றுக்கொண்டு, பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தான். ஜனங்கள் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவனுக்கு அது பிடிக்காது, திருத்துவான். எந்தத் தோட்டத்திலும் இரண்டு மூன்று வருஷத்துக்குமேல் நிற்கவில்லை. கல்லூரி விதி அதற்குப் பிறகும் மாறியது என்று அவன்தான் சொல்வான். ஒவ்வொரு வருஷமும் அந்த விதிகள் அச்சடித்த புத்தகத்தை வரவழைத்துப் படித்துக்கொண்டிருந்தான், முப்பது வயது தாண்டியும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். கிள்ளானுக்கு அடுத்த மேரு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தமிழ்ப் பள்ளிக்குப் பெண் ஆள் தேடினார்கள், சிறு பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல. என் கணவர் ஆபீஸில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். "ஏழாம் வகுப்புச் சான்றிதழ் வேணுமாம். உனக்கு ஆறுதானே?"

"ஆறுதான்."

"தனியா எழுதலாமாம். எழுதறியா?"

அவருடைய தாயாருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எனக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு பரீட்சைக்குப் போகிறவள் எந்த ஊரில் உண்டு என்று கேட்டார். ஊரில் யாரும் இருந்ததாக எனக்கும் தெரியவில்லை. போனேன்.

கிள்ளானில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நடந்தது. என்னைத் தவிர எல்லாரும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். பெஞ்சும் மேசையும் அவர்கள் அளவுக்குச் செய்தவை. எனக்கு இடைவெளி போதவில்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த ஆசிரியர் என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டு, தன் நாற்காலியையும் மேசையையும் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றார். அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் எதிரே, அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. முன்வரிசையில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுது," என்று கையால் காட்டினேன். இலக்கணக் கேள்விகளை முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் பாதி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வயிற்றில் பிள்ளை உதைத்தது, மேசை லேசாக ஆடியது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதினேன்.

தேறினேன். மகள் பிறந்து ஐந்தாவது மாதம் மேருப் பள்ளியில் சேர்ந்தேன். ஒரே கொட்டகை, நடுவில் தட்டி கிடையாது. பெரியவர்கள் வாய்ப்பாடு சொல்லும் சத்தத்துக்கு மேலே என் பிள்ளைகள் அ, ஆ சொல்ல வேண்டும். முதல் வாரமே தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். ஆசிரியர்களுக்கான தேர்வு முறை அந்த வருஷத்திலிருந்து மாறுகிறது, சனிக்கிழமைப் பயிற்சி வகுப்புக்கு வந்தவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்று அதில் இருந்தது. பயிற்சி வகுப்பு கோலாலம்பூரில். சனிக்கிழமை காலை ஆறரைக்கு ரயில். கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று தெரியவில்லை. பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, அதைப் பற்றி யோசித்துக்கொண்டே வகுப்புக்குத் திரும்பினேன்.